வீட்டுக் கடைகாலும் பழைய மரமூடும்

மரத்தை வெட்டிச் சாய்த்தவுடன் வேலை முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கிளைகள் விறகாகின்றன. நடுமரம் வாசற்காலுக்கோ உத்திரத்துக்கோ பயன்படுகின்றது. நிலமட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் எஞ்சி நிற்கின்றது. இதனைத் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் 'மூடு' என்றும் 'தூர்' என்றும் வழங்குவர். அதன்மேல் சிறுவர் அமர்ந்து விளையாடுவர். பெண்கள் குடத்தை இறக்கி வைப்பர். ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு நாள் வீட்டுச் சுவரில் விரிசல் காணும். அல்லது கதவு நிலையில் கறையான் புற்று ஏறும். அப்பொழுதுதான் மூட்டின் நினைவு வருகின்றது. உடனே மண் அள்ளும் இயந்திரம் ஒன்றை வரவழைத்து ஒரே இழுப்பில் பெயர்த்துவிட முற்படுகின்றனர். மூடு வெளியே வந்துவிடும். சில வேளைகளில் அதனோடு சுவரும் சாய்ந்துவிடும்.

நாங்குநேரியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய வீடுகளின் கொல்லையிலும் முற்றத்திலும் வேம்பு, பூவரசு, புளி, முருங்கை, தென்னை, பனை ஆகியவற்றின் மூடுகள் இருப்பது இயல்பு. ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் கடுங்காற்றுக்கு அஞ்சி வீட்டோர மரங்களை வெட்டுவோர் பலர். வீட்டை விரிவாக்குவதற்காக வெட்டுவோரும் உளர். ஊரக ஏழை மக்களுக்கு நிலையான வீடு அமைக்க உதவும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இத்தகைய திட்டங்களின்கீழ்ப் பழைய மனையிலேயே புது வீடு எழுப்புவோருக்கும் இந்தச் சிக்கல் எதிர்ப்படும். ஆகவே மூட்டை அகற்றும் முறையை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலம்.

குளக்கரை தரும் பாடம்

நாங்குநேரி வட்டாரம் குளத்தை நம்பி வாழும் வட்டாரம். ஊருக்குப் பெருமை தருவது வானமாமலைப் பெருமாள் கோயில். ஊருக்குச் சோறு தருவது குளம். குளக்கரையைக் காத்துப் பழகிய உழவருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கரையில் நிற்கும் பச்சை மரத்தைக் காட்டிலும் பட்ட மரத்தின் வேரே கரைக்குப் பெரும் பகை. வேர் மட்கிப் போனால் அது இருந்த இடம் ஒரு குழாயாகிவிடும். குளம் பெருகும்போது நீர் அக்குழாய் வழியே கசியும். கசிவு மண்ணை அரிக்கும், பொந்து பெரிதாகும், இறுதியில் கரை உடையும்.

வீட்டின் கடைகாலுக்கும் இதே விதி பொருந்தும். கடைகாலின் அருகே மட்கும் வேர், நீர் செல்லும் வழியாகின்றது. அரைகுறையாக மூடிய குழியோ கடைகாலின் காலடியில் ஒரு சிறு குளமே ஆகிவிடுகின்றது. எனவே இக்கட்டுரையின் கருத்தை ஒரே வரியில் கூறிவிடலாம்: மூட்டைப் பெயர்ப்பது பாதி வேலை, அக்குழியை முறையாக மூடுவதே மீதிப் பாதி. முன்னதை அவசரமின்றியும், பின்னதைச் சோம்பலின்றியும் செய்தல் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையில் சுவரோரம் நீர் தேங்கும் வீடே முதலில் தளர்கின்றது. மண் சாந்தில் கல் அடுக்கிக் கட்டிய கடைகாலும், பச்சைச் செங்கல் அல்லது மண்ணால் எழுப்பிய சுவரும் உள்ள வீடுகள் மிக எளிதில் ஆட்டங்காணும். சுவர் இடிவது பெரும்பாலும் வீட்டார் உறங்கும் இரவு வேளையில் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

மூட்டினால் விளையும் கேடுகள்

உயிருள்ள வேர் நல்ல கருங்கல் கடைகாலைத் துளைத்துக்கொண்டு செல்வதில்லை. முன்னரே உள்ள இடுக்கிலும் சாந்து உதிர்ந்த பொருத்திலும் நுழைந்து, பின்னர்ப் பருத்து அதனை அகலமாக்குகின்றது. மரத்தை வெட்டியபின் ஏற்படும் கேடுகள் வேறு வகையானவை. அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, பொந்து. மேலே கூறியவாறு வேர் மட்கிய இடம் வெற்றிடமாகி, நீர் செல்லும் வழியாகின்றது. எலி அதனை வளையாக்கிக்கொள்கின்றது. எலியைத் தேடிப் பாம்பும் வருகின்றது.

இரண்டாவது, கறையான். இறந்த மரமே கறையானின் உணவு. மூட்டில் குடியேறும் கறையான் வேர் வழியே கடைகாலை அடைந்து, சுவரின் மீது மண் குழாய் கட்டி மேலேறி, நிலை, சன்னல், உத்திரம் ஆகியவற்றைத் தின்கின்றது. கட்டடங்களில் கறையான் தடுப்புப் பற்றிய இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 6313), மனையிலுள்ள மரங்கள், மூடுகள், வேர்கள் ஆகியவற்றை முதலில் அகற்ற வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, மறுதளிர். வேம்பும் பூவரசும் முருங்கையும் வெட்டிய மூட்டிலிருந்து மீண்டும் தழைப்பவை. அரசும் ஆலும் சுவரிலேயே வேர் ஊன்றுபவை. சீமைக் கருவேலத்தின் மூடு நிலத்துக்குச் சற்றுக் கீழே உள்ள மொட்டுகளிலிருந்து தளிர்க்கும். ஆகவே மேலே வெட்டுவதால் மட்டும் அது அழிவதில்லை. 1877-ஆம் ஆண்டு கடப்பைப் பகுதியில் விதைக்கப்பெற்று, பின்னர்ப் பல இடங்களுக்கும் பரவிய இம்மரம் இன்று தென்மாவட்டங்கள் எங்கும் படர்ந்திருப்பதை நாம் காண்கிறோம்.

நான்காவது, தோட்டத்துக்கு வரும் கேடு. தென்னையின் மட்கும் மூடு காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடமாகும். வீட்டோரத்தில் ஒரு தென்னை மூட்டை மட்க விட்டால், பக்கத்துத் தோப்பின் குருத்துகளுக்குக் கேடு தேடி வைத்தவர்களாவோம்.

மண்ணின் இயல்பு

நாங்குநேரி வட்டாரத்தில் செம்மண்ணும் சரளும் கலந்த மேட்டு மனைகளும் உண்டு. குளத்தடியை ஒட்டிய களிமண் மனைகளும் உண்டு. இவ்விரண்டிலும் செய்ய வேண்டிய முறை ஒன்றன்று.

சரள் மண் நனைந்தாலும் உலர்ந்தாலும் பருமனில் அதிகம் மாறுவதில்லை. களிமண்ணோ நனைந்தால் உப்பும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். களிமண்ணில் நிற்கும் பெரிய மரம் நாள்தோறும் நீரை உறிஞ்சி, தன்னைச் சுற்றியுள்ள மண்ணைச் சுருங்கிய நிலையிலேயே வைத்திருக்கின்றது. அம்மரத்தை வெட்டியபின் மண்ணில் ஈரம் மீண்டும் ஏறுகின்றது. மண் மெல்ல உப்பிக் கடைகாலை மேலே தள்ளுகின்றது. மரத்தை வெட்டியபின் சுவர் வெடிப்பது இதனால்தான். இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டு கடும் வறட்சி ஏற்பட்டபொழுது, களிமண் பகுதிகளில் மரங்களின் அருகே இருந்த வீடுகள் பல தாழ்ந்து விரிசலுற்றன. கட்டடப் பொறியாளர்கள் மரம், மண், கடைகால் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயத் தலைப்பட்டதற்கு அவ்வறட்சி ஒரு பெருங்காரணமாயிற்று.

களிமண் மனையில் பெரிய மரம் ஒன்றை அண்மையில் வெட்டியிருந்தால், ஒன்றிரண்டு மழைக்காலம் கழியும்வரை விரிசல்களைப் பூசி மறைத்தல் கூடாது. மண் அமைதி பெற்றபின் செய்யும் பூச்சே நிலைக்கும்.

மனையின் மண்ணை எளிதில் அறியலாம். ஓர் அடி ஆழத்து மண்ணை ஈரமாக்கிக் கையில் திரித்துப் பார்க்க வேண்டும். நூல்போல் முறியாமல் திரண்டால் அது களிமண்; உதிர்ந்துபோனால் சரள் அல்லது மணற்பாங்கானது.

தொடங்குமுன் ஆராய வேண்டியவை

கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் ஐந்து செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

1. மரம் யாருடையது? மூடு புறம்போக்கிலோ தெருவோரத்திலோ இருப்பின், ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்டு அனுமதி பெறாமல் தொடுதல் ஆகாது. பனையைப் பொறுத்தவரை, அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பெற்றது. ஆகவே, நிற்கும் பனையை வெட்டிவிட்டுப் பின்னர் அனுமதி தேடுவது முறையன்று.

2. கடைகால் எவ்வளவு ஆழம்? கடைகாலுக்காகத் தோண்டும் பள்ளத்தைக் கொத்தனார்கள் 'வானம்' என்பர். வீட்டைக் கட்டியவருக்கு வானத்தின் ஆழம் நினைவிருக்கலாம். இல்லையேல், மூட்டுக்கு எதிர்ப்புறமாக வேறு ஒரு சுவரின் அருகே ஓர் அடி அகலத்தில் சிறு குழி எடுத்துக் கடைகாலின் அடிமட்டத்தை அளந்து, குழியை உடனே மூடிவிட வேண்டும். கடைகால் சுவரைக் காட்டிலும் அகலமானது என்பதை மறத்தலாகாது. இக்கட்டுரையில் கூறும் தொலைவுகள் யாவும் கடைகாலின் விளிம்பிலிருந்து கணக்கிடப்பட்டவை.

3. சுவரின் நிலை யாது? தூக்குக்குண்டு கட்டிச் சுவர் நேராக நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருப்பின் அதன் குறுக்கே நான்கு விரற்கடை அகலத்துக்குச் சிமெண்டுச் சாந்துப் பட்டி ஒன்று பூசி, அதன்மேல் தேதியைக் கீறி வைக்க வேண்டும். பட்டி வெடித்தால் சுவர் இன்னும் அசைகின்றது என்பது பொருள். அந்நிலையில் ஒன்றியப் பொறியாளரையோ தேர்ந்த கொத்தனாரையோ கேளாமல் தோண்டுதல் கூடாது.

4. நிலத்தின் அடியில் என்ன செல்கின்றது? குடிநீர்க் குழாய், மின்சார வடம், நிலத்தொடர்புக் கம்பி, கழிவுநீர்க் குழி ஆகியவற்றின் இடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. எந்த மரம்? பனைக்கும் தென்னைக்கும் ஆணிவேரும் பருத்த பக்கவேரும் இல்லை. எண்ணற்ற சல்லிவேர்கள் கூடைபோல் மண்ணைப் பற்றியிருக்கும். மூடு மீண்டும் தளிர்ப்பதில்லை. வேம்புக்கும் புளிக்கும் தடித்த பக்கவேர்கள் உண்டு. இவையே கடைகாலின் அடியில் நுழைந்திருக்கக்கூடியவை.

காலம் அறிதல்

நமது பகுதிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிலம் ஊறியிருக்கும்; அப்பொழுது கடைகாலருகே தோண்டுவது பேராபத்து. சித்திரை, வைகாசியிலோ களிமண் கல்லாக இறுகிவிடும். ஆகவே மாசியும் பங்குனியும் ஏற்ற காலம். அப்பொழுது மண்ணில் சிறிது ஈரம் இருக்கும். கடப்பாரை எளிதில் இறங்கும். குழியின் ஓரமும் சரியாது. அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும் காலமும் அதுவே. எப்படியாயினும், ஆவணிக்குள் குழியை மூடி முடித்தாக வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது?

ஒவ்வொரு மூட்டையும் வேரோடு பெயர்க்க வேண்டும் என்பதில்லை. தொலைவைக் கொண்டு இவ்வாறு முடிவு செய்யலாம்.

கடைகாலிலிருந்து 10 அடிக்கு அப்பால் உள்ள மூட்டினால் வீட்டுக்கு உடனடி இடர் இல்லை. வசதிபோல் தோண்டி எடுக்கலாம். 4 அடி முதல் 10 அடி வரை உள்ளதைக் கையால் தோண்டி முழுவதும் எடுக்கலாம். 4 அடிக்குள் உள்ளதை, அதிலும் சுவரை ஒட்டியதை, முழுவதும் எடுக்க முயலுதல் கூடாது. வெளிப்புறமாக உள்ள பகுதியைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து, கடைகாலின் அடியில் உள்ள வேரை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த வேரின்மேல் சுவரின் பாரம் அமர்ந்திருக்கின்றது. அதனை இழுத்தால் அடியில் உடனே வெற்றிடம் உண்டாகும். விட்டுவைத்தால் சிறிது சிறிதாக மட்கும். அதற்குள் நீர் வராமலும் கறையான் சேராமலும் காத்தால் சுவருக்கு நேரும் கேடு மிகக் குறைவு.

அகற்றும் முறை

கடப்பாரை, மண்வெட்டி, கோடரி, ரம்பம், இரும்பு ஆப்புகள், சம்மட்டி, திமிசுக்கட்டை ஆகியவை போதும். ஒருவர் தனித்துச் செய்யாமல் இருவர் சேர்ந்து செய்தல் வேண்டும்.

முதலில் மூட்டைச் சுற்றியுள்ள குப்பையை நீண்ட கழியால் கிளறிவிட வேண்டும். தேளும் பாம்பும் ஒளிந்திருக்கும் இடம் அது. பின்னர் வீட்டுக்கு எதிர்ப்புறத்தில் தோண்டத் தொடங்க வேண்டும். அப்பக்கத்து வேர்களை முதலில் அறுத்தால் மூடு அப்பக்கமாகவே சாயும்; வீட்டை நோக்கி நெம்ப நேராது.

அடுத்து இரு பக்கவாட்டு வேர்களையும் மண் நீக்கித் தெளிவாகக் கண்டபின் ரம்பத்தால் அறுக்க வேண்டும். கோடரியால் ஓங்கி வெட்டினால் அதிர்ச்சி வேர் வழியே சுவருக்குச் செல்லும். வீட்டுப் பக்கத்து வேர்களை இறுதியாகக் கடைகாலிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுக்க வேண்டும். எக்காரணத்தாலும் அவற்றை இழுத்தல் கூடாது.

மூடு பெரிதாயின் ஒரே கட்டையாக எடுக்க முயலாமல், தலையில் ஆப்பு அறைந்து நான்காகவோ ஆறாகவோ பிளந்து எடுக்கலாம். புளியின் வைரம் மிகக் கடினமானது. அதற்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். பனை மூட்டின் நடுப்பகுதி மென்மையானது. முதலில் நடுவைக் குடைந்துவிட்டால், புறவைரத்தைப் பட்டை பட்டையாகப் பெயர்த்துவிடலாம். சீமைக் கருவேலத்தை நிலமட்டத்துக்கு ஓர் அடி கீழ்வரை எடுத்தால் மறுதளிர் வருவதில்லை. சுவரை ஒட்டியதால் எடுக்க இயலாத வேப்பமூட்டில் தளிர் தோன்றும்தோறும் கிள்ளிவர வேண்டும். இலையின்றி உணவு தயாரிக்க இயலாமல் வேரின் சேமிப்பு தீர்ந்து, மூடு தானே பட்டுப்போகும்.

எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு. கடைகாலின் அடிமட்டத்துக்குக் கீழே ஓர் அடி இறங்க வேண்டுமாயின், கடைகாலிலிருந்து இரண்டு அடி விலகியிருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடைகாலின் ஆழம் 3 அடி. வேப்பமூட்டின் நடுப்பகுதி கடைகாலிலிருந்து 5 அடி தொலைவில் உள்ளது. மூட்டை எடுக்க 5 அடி குறுக்களவுள்ள குழி வேண்டும் என்று கொள்வோம். குழியின் விளிம்பு கடைகாலிலிருந்து இரண்டரை அடியில் அமையும். அவ்விடத்தில் 3 அடியோடு ஒன்றேகால் அடி சேர்த்து நாலேகால் அடி வரை தோண்டலாம். ஆகவே 4 அடி ஆழக் குழி இடரில்லாதது. அதற்கு மேல் செல்லுதல் ஆகாது.

கடைகாலை ஒட்டித் தோண்ட நேரின், ஒரே நேரத்தில் 3 அடி நீளத்துக்கு மேல் திறத்தல் கூடாது. அடிமட்டத்துக்கு அரை அடி மேலேயே நிறுத்திவிட வேண்டும். திறந்த பகுதியை மூடி இறுக்கிய பின்னரே அடுத்த பகுதியைத் தொட வேண்டும்.

குழியைத் திறந்த நிலையில் விட்டு இரவு உறங்கச் செல்ல நேர்ந்தால், சுற்றிலும் முள் அடைத்து வைக்க வேண்டும். குழந்தையும் கன்றும் விழுவதற்கு ஒரு நொடி போதும்.

செய்யத் தகாதவை

மூட்டுக்குத் தீ வைத்தல் கூடாது. தீ வேர் வழியே மண்ணுக்குள் பல நாள் கனன்றுகொண்டிருக்கும். கடைகாலின் சுண்ணாம்புச் சாந்து அதன் வெப்பத்தில் வலுவிழக்கும், கருங்கல்லும் வெடிக்கும்.

உப்பைக் கொட்டி மரத்தைப் பட வைப்போரும் உளர். அந்த உப்பு மழை நீரில் கரைந்து சுவரில் ஏறுகின்றது. பூச்சு பொரிந்து செங்கல் உதிர்கின்றது. கிணற்று நீரும் கெடுகின்றது. மயில்துத்தமும் நிலத்துக்கு நன்மை செய்வதன்று.

சாணக் கரைசலும் ஈரமும் சேர்த்து மூட்டை மட்க வைப்பது நல்ல முறையே. ஆயினும் அது வீட்டினின்று தொலைவில் உள்ள மூடுகளுக்கே ஏற்றது. கடைகாலருகே அதனைச் செய்வது கறையானுக்கு விருந்து வைப்பதாகும்.

மண் அள்ளும் இயந்திரத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. வேர்கள் யாவற்றையும் கையால் அறுத்து முடித்தபின், தளர்ந்த கட்டையைத் தூக்கி அப்புறப்படுத்த அது உதவும். வேர் அறுபடாத மூட்டைப் பிடித்து இழுக்கத்தான் அதனை ஏவுதல் கூடாது.

குழியை மூடுதல்

மேலே கூறிய எடுத்துக்காட்டுக் குழியின் கொள்ளளவு சுமார் 78 கன அடி. ஒரு நல்ல மழையில் அது நிரம்பினால் ஏறத்தாழ 2,200 லிட்டர் நீர் கடைகாலின் பக்கத்தில் நிற்கும். தளர்வாக மண் தள்ளி மூடினாலும் நிலைமை பெரிதும் வேறுபடாது. அம்மண் நீரைக் குடித்து, அமிழ்ந்து, மீண்டும் பள்ளமாகும்.

முதலில் குழியிலுள்ள மரத்தூள், பட்டை, சிறுவேர் அனைத்தையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அவை கறையானுக்கு உணவு. பின்னர்ச் சரள் கலந்த மண்ணை அரை அடி கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலில் நீர் ஒட்டாத பதமே சரியான ஈரம். குதிகால் பதியாத அளவுக்கு இறுகியபின் அடுத்த அரை அடி பரப்ப வேண்டும். 4 அடிக் குழிக்கு எட்டு அடுக்குகள் ஆகும். இடித்து இறுக்குவதால் தளர்ந்த மண் கால் பங்கு கூடுதலாக வேண்டியிருக்கும். அவ்வாறு கணக்கிட்டால் சுமார் 98 கன அடி, அதாவது ஒரு யூனிட் மண் போதும். தோண்டிய மண் நல்லதாயின் அதனையே பெரும்பாலும் பயன்படுத்தலாம், செலவு பெரிதன்று.

களிமண் மனையில் மணலைக் கொட்டி மூடும் தவற்றைப் பலர் செய்கின்றனர். சுற்றிலும் நீர் இறங்காத களிமண் இருக்க, நடுவில் மட்டும் மணல் இருப்பின், பெய்த மழையெல்லாம் அதில் வந்து தேங்கும். அது மூடிய கிணறு போன்றது. களிமண் மனையில் அம்மண்ணோடு சரள் கலந்து இடித்து நிரப்புவதே முறை.

நிரப்பிய இடம் சுற்றுப்புறத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். சுவரோரம் 3 அடி அகலத்துக்குக் கல் அல்லது செங்கல் பாவி, வெளிப்புறமாகச் சரிவு அமைத்தால், கூரை நீர் கடைகாலை அணுகாமல் ஓடிவிடும். முதல் மழைக்காலம் முடிந்தபின் சென்று பார்த்து, அமிழ்ந்த இடத்தை மீண்டும் நிரப்புவதோடுதான் இவ்வேலை நிறைவு பெறுகின்றது.

கறையானை விலக்குதல்

மூட்டில் கறையான் இருந்ததாயின், குழியை மூடுமுன் சுவரிலும் தேடிப் பார்க்க வேண்டும். மண் குழாயைக் காணின் சுரண்டிவிட்டு மூன்று நாள் கழித்து நோக்க வேண்டும். மீண்டும் கட்டப்பட்டிருந்தால் கறையான் உள்ளே உயிரோடு இருக்கின்றது என்று அறியலாம். அந்நிலையில் வேளாண்மை அலுவலரையோ பயிற்சி பெற்ற கறையான் தடுப்புப் பணியாளரையோ கலந்து, இசைவு பெற்ற மருந்தை மட்டும் கடைகாலோரத்தில் இடலாம். முற்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆல்டிரின் இந்தியாவில் 1996-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. பழைய தகரங்களில் எஞ்சியிருப்பதை எடுத்து ஊற்றுதல் பெருந்தீங்கு. கிணறு அருகில் இருப்பின் எம்மருந்தையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

அவ்விடத்தில் அறை எழுப்ப விரும்பின்

மூடு எடுத்த குழியை எவ்வளவு நன்றாக இடித்து நிரப்பினாலும், அது இயற்கை மண்ணுக்கு ஈடாகாது. புதிய சுவரின் வானத்தை நிரப்பு மண்ணோடு நிறுத்தாமல், அதன் கீழுள்ள கெட்டி மண் வரை கொண்டுசெல்ல வேண்டும். குழி ஆழமானதாயின், அதன் இருபுறமும் உள்ள கெட்டி நிலத்தில் தாங்குமாறு கம்பி கட்டிய கான்கிரீட் உத்திரம் ஒன்றைக் குறுக்கே போட்டு, அதன்மேல் சுவர் எழுப்பலாம். கரிசல், களிமண் நிலங்களுக்கு ஏற்ற குமிழ்வடிவ அடியுள்ள தூண் கடைகால் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்தளித்துள்ளது. எம்முறை தக்கது என்பதை ஒன்றியப் பொறியாளர் மனையைப் பார்த்துக் கூறுவார். கேட்பதற்குத் தயங்குதல் வேண்டா.

எடுத்ததற்கு ஈடாக ஒன்று

வீட்டுக்கு மரம் பகையன்று. வெயில் மிகுந்த நமது பகுதியில் மேற்குச் சுவருக்கு நிழல் தரும் ஒரு வேம்பு பெருந்துணையாகும். குறை மரத்தினிடம் இல்லை. நட்ட இடத்தில்தான் உள்ளது. மரத்தின் வேர் அதன் கிளைவிரிவைக் கடந்தும் செல்லும். ஆகவே களிமண் மனையில் மரம் வளரக்கூடிய உயரத்தின் அளவுக்கேனும் விலகி நடுவது நலம். மனை சிறிதாயின் வீட்டோரத்தில் கறிவேப்பிலை, மாதுளை போன்ற சிறு மரங்களோடு நிறுத்திக்கொண்டு, வேம்பையும் புளியையும் ஊர்ப் பொது இடத்துக்கும் சாலையோரத்துக்கும் தரலாம். ஒரு மூட்டை எடுத்தவர் தகுந்த இடத்தில் ஒரு கன்றேனும் நட்டு வளர்த்தல் கடமையாகும்.

எடுத்த மூடும் வீணாவதில்லை. வேம்பும் கருவேலமும் நல்ல விறகாகும். கருவேல மூட்டைக் கரி மூட்டத்துக்கு விலைக்கு வாங்குவோர் உண்டு. தென்னை மூட்டை மட்டும் கொல்லையில் போட்டுவைக்காமல் துண்டாக்கி எரித்துவிட வேண்டும்.

நமது முன்னோர் மழை வருமுன் குளக்கரையைச் சுற்றிப் பார்த்துப் பொந்துகளை அடைத்தனர். ஊர் கூடி அந்த வேலையைச் செய்ததனால் குளம் நின்றது. அதே கண்ணோடு நாமும் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் ஒருமுறை நமது வீட்டைச் சுற்றி வந்து பார்த்தல் வேண்டும். சுவரோரத்தில் ஒரு மூடோ, மூட்டின் குழியோ இருப்பின், அவ்வாண்டு மழை விழுமுன் அதற்கு வழி செய்துவிடுவோமாக.

மன்றங்களில் கலந்து ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரின் மனைகள் சரள் மண்ணா, களிமண்ணா? எவ்வாறு கண்டறிவீர்கள்?
2. கடைகாலின் அடியில் உள்ள வேரை ஏன் இழுத்தல் கூடாது?
3. கடைகால் 2 அடி ஆழம். குழியின் விளிம்பு கடைகாலிலிருந்து 3 அடி. எவ்வளவு ஆழம் வரை தோண்டலாம்?
4. களிமண் மனையில் குழியை மணலால் மூடுவதன் தீமை யாது?
5. நமது தெருவில் முதியோரும் தனித்து வாழ்வோரும் உள்ள வீடுகளின் அருகே மூடுகள் உள்ளனவா? வரும் மாசி மாதத்தில் அவற்றை அகற்ற மன்றத்தார் எவ்வாறு உதவலாம்?